ஒரு போலி எழுத்தும் ஐந்து மனிதர்களும்

கொஞ்சம் நீளமான பதிவு, உறவுகளே. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

பெற்றார் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு வசனம் இருக்கிறது: "இவனுக்கு மண்டையில் ஏறாது சேர்." பிள்ளை பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். வீட்டுக்குப் போனால் வயதானவர்கள் தங்களைப் பற்றியே இன்னொன்று சொல்வார்கள்: "இந்த வயதில் இனி என்னத்தைப் படிக்கிறது, மூளை மரத்துப் போச்சு." இரண்டுக்கும் சாட்சியாக ஒரு பழமொழி தயாராக இருக்கும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? (எமது நாட்டில் அந்த ஐந்து என்பது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை என்றே ஆகிவிட்டது. அது வேறு கதை.)

பழமொழியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விஞ்ஞானமும் நீண்ட காலம் அதே பக்கம்தான் நின்றது. "உடம்பின் மற்றக் கலங்கள் புதிதாக உருவாகும், மூளையின் நரம்புக்கலங்கள் மட்டும் உருவாகா. பிறக்கும்போது கிடைத்ததுதான், இழந்தால் இழந்ததுதான்." நாம் படித்த காலத்தில் இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். இந்த வசனத்தைச் சோதித்துப் பார்க்க மனிதர்களுக்கு எண்பது வருடங்களுக்கும் மேல் பிடித்தது. சோதிக்க உதவியது ஓர் இரசாயனப் பொருள். மருந்தாகப் பெரிதாக ஒன்றும் சாதிக்காத பொருள் அது. அதன் வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறோம்.

முதலில் அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஸ்பெயின் நாட்டவரான சந்தியாகோ ரமோன் இ கஹால் என்பவரை நரம்பியலின் தந்தை என்பார்கள். 1906 இல் நோபல் பரிசு பெற்றவர். நுணுக்குக்காட்டியின் கீழ் நரம்புக்கலங்களைப் பார்த்து அவர் கையால் வரைந்த படங்களை இன்றும் புத்தகங்களில் போடுகிறார்கள். வளர்ந்த மனிதனின் மூளைப் பாதைகள் முடிந்துபோனவை, மாறாதவை, அங்கே எல்லாம் சாகலாம், எதுவும் புதிதாகப் பிறக்காது என்ற கருத்தை 1913-14 காலத்தில் எழுதியவர் அவர். இந்தக் கடுமையான தீர்ப்பை முடிந்தால் மாற்றுவது எதிர்கால விஞ்ஞானத்தின் வேலை என்றும் கூடவே எழுதினார். பின்வந்தவர்கள் முதல் பாதியை மனப்பாடம் செய்துகொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள். பெரியவர்கள் சொன்னதில் எமக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

சரி, ஒரு கலம் புதிதாக உருவானதா பழையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கலத்தின் முகத்தில் பிறந்த திகதி எழுதியிருப்பதில்லை.

வீடு கட்டும் மேசனை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய வீடொன்றில் அவர் தினமும் எதையோ கட்டுகிறார். எங்கே கட்டுகிறார் என்று எமக்குத் தெரியவில்லை. ஒரு நாள் மட்டும் அவருக்குக் கொடுக்கும் கற்களில் நீல மை பூசிக் கொடுக்கிறோம். அளவு அதே, பாரமும் ஏறத்தாழ அதே. அவர் கவனிக்காமல் வைத்துக் கட்டிவிடுவார். பிறகு போய்ப் பார்த்தால் நீலக் கல் இருக்கும் இடமெல்லாம் அன்று கட்டிய இடம். நீலம் இல்லாத சுவரில் அன்று வேலை நடக்கவில்லை.

கலத்துக்குள் அந்தக் கல்தான் டீ.என்.ஏ. எழுத்துக்கள். அடினைன், தைமின், குவானைன், சைற்றோசின் என்று நான்கு எழுத்துக்களை உயர்தர மாணவர்கள் அறிவார்கள். ஒரு கலம் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டீ.என்.ஏ. முழுவதையும் பிரதி செய்தாக வேண்டும். அதற்கு நான்கு எழுத்துக்களும் தேவை. இவற்றில் தைமின் மட்டும் கொஞ்சம் விசேடமானது. ஆர்.என்.ஏ.யில் அதன் இடத்தில் யுராசில் வரும். எனவே தைமினுக்கு அடையாளம் போட்டுவிட்டால் அந்த அடையாளம் டீ.என்.ஏ.யைத் தேடித்தான் போகும். தைமினோடு டீஒட்சிரைபோசு என்ற வெல்லம் சேர்ந்தால் அது தைமிடின். இப்படி மூலமும் வெல்லமும் சேர்ந்த துண்டைத்தான் நியூக்கிளியோசைட்டு என்கிறோம்.

எமது கதாநாயகன் இந்தத் தைமிடினின் போலி. முழுப் பெயர் புரோமோடீஒட்சியூரிடின். ஆய்வுகூடங்களில் பீ.ஆர்.டீ.யூ. என்பார்கள். நாம் இந்தப் பதிவில் புரோமோ எழுத்து என்று வைத்துக்கொள்வோம். தைமிடினில் ஓர் இடத்தில் ஒரு காபனும் மூன்று ஐதரசனும் சேர்ந்த சிறிய மெதைல் கூட்டம் நீட்டிக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டு ஒரு புரோமின் அணுவை வைத்தால் போலி தயார். ஒரு தனி அணு எப்படி நான்கு அணுக்களின் இடத்தை நிரப்பும் என்று கேட்கலாம். புரோமின் பருமனான அணு. அது பிடிக்கும் இடம் மெதைல் கூட்டம் பிடிக்கும் இடத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். டீ.என்.ஏ.யைப் பிரதி செய்யும் நொதியம் வித்தியாசம் தெரியாமல் அதை எடுத்து வைத்துக் கட்டிவிடுகிறது.

இந்தப் போலியைச் செய்தவர்கள் மூளையைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவர்களின் கவலை புற்றுநோய்.

1950களில் பல ஆய்வுகூடங்களில் ஒரே எண்ணம் ஓடியது. புற்றுநோய்க் கலம் வேகமாகப் பிரிகிறது. பிரிவதற்கு எழுத்துக்கள் வேண்டும். அப்படியானால் போலி எழுத்தைக் கொடுத்து ஏமாற்றினால் என்ன? அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் சாள்ஸ் ஹைடல்பேர்கர் என்பவர் யுராசிலில் புளோரினை வைத்தார். 1957 இல் வெளிவந்த அந்த மருந்துதான் 'பைவ் எப்.யூ.'. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அலைந்த வீடுகளில் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அறுபது வருடங்கள் தாண்டியும் அது பாவனையில் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் புருசோப் 1959 இல் அயடினை வைத்தார். ஐடொக்ஸியூரிடின் என்ற அந்தப் பொருளை ஹேர்பிஸ் வைரசு கண்ணின் கருவிழிப்படலத்தைத் தாக்கும் நோய்க்குச் சொட்டு மருந்தாகக் கொடுக்கலாம் என்று ஹேர்பேட் கோஃப்மன் என்ற கண் வைத்தியர் 1962 இல் காட்டினார். வைரசுக்கு எதிராக அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்துகளின் வரிசையில் அதற்கு இடம் உண்டு. அதுவரை வைரசு நோய்க்கு மருந்தே இருக்க முடியாது என்று நினைத்தவர்கள் அதிகம்.

புளோரின் வைத்த அண்ணனுக்கும் அயடின் வைத்த தம்பிக்கும் வேலை கிடைத்துவிட்டது. நடுவில் நின்ற புரோமின்காரனுக்குத்தான் சரியான வேலை அமையவில்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. புரோமோ எழுத்து ஏறிய டீ.என்.ஏ. கதிர்வீச்சுக்கு இலகுவில் உடையும் என்று 1960 இல் ஜோர்ஜெவிச், சைபால்ஸ்கி என்ற இருவர் மனிதக் கலங்களில் காட்டினார்கள். அப்படியென்றால் நோயாளிக்கு முதலில் இதைக் கொடுத்துக் கட்டியை மெலிய வைத்து, பிறகு கதிர்வீச்சுக் கொடுக்கலாமே! ஜப்பானிலும் அமெரிக்காவிலும் மூளைக் கட்டி நோயாளிகளுக்குப் பல வருடங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 1990களில் அமெரிக்காவில் நடந்த பெரிய பரிசோதனையில் நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை. சிகிச்சை என்ற கதவு அங்கே ஏறத்தாழ மூடிக்கொண்டது.

அதற்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. புரோமின் ஏறிய எழுத்து சில வேளைகளில் தன் இயல்பான சோடியை விட்டு வேறு எழுத்தோடு சேர்ந்துவிடும். பிரதியில் பிழை விழும். 1958 இல் சீமோர் பென்சரும் ஏர்ன்ஸ்ட் ஃபிரீசும் இதன் நெருங்கிய உறவான புரோமோயுராசிலைக் கொடுத்து வைரசுகளில் விகாரங்களை வேண்டுமென்றே உண்டாக்கிக் காட்டினார்கள். ஆகவே சும்மா எடுத்து மனிதருக்கு ஏற்றும் பொருள் அல்ல இது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு குட்டித் தகவல். டீ.என்.ஏ. எப்படிப் பிரதியாகிறது என்று காட்டிய மெசெல்சன் – ஸ்டால் பரிசோதனை (1958) உயர்தரப் புத்தகத்தில் இருக்கிறது. பாரமான நைதரசனைப் பயன்படுத்தினார்கள் என்று படிக்கிறோம். அவர்கள் முதலில் திட்டமிட்டது நைதரசனை அல்ல, பாரமான இந்த புரோமோயுராசிலைத்தான். பிறகுதான் கைவிட்டு நைதரசனுக்கு மாறினார்கள். எமது கதாநாயகனின் குடும்பத்துக்கு அங்கேயும் ஓர் அதிர்ஷ்டம் தவறிப்போயிற்று.

இனி மூளைக்கு வருவோம்.

புரோமோ எழுத்துக்கு முன்பு, அடையாளம் போடும் வேலையை வேறொருவர் செய்துகொண்டிருந்தார். 1957 இல் ஹேர்பேட் டெய்லர், பிலிப் வூட்ஸ், வோல்டர் ஹியூஸ் மூவரும் தைமிடினில் இருந்த சாதாரண ஐதரசனுக்குப் பதிலாகக் கதிர்த்தொழிற்பாடுள்ள ஐதரசனை, அதாவது திரித்தியத்தை வைத்தார்கள். அதை அவரையினப் பயிரொன்றின் வேர் நுனிக்குக் கொடுத்தார்கள். பிறகு இழையத்தின் மேல் புகைப்படக் கூழைப் பூசி இருட்டில் வைத்தார்கள். கதிர் பட்ட இடத்தில் கரும்புள்ளி விழும். புள்ளி இருக்கும் கரு புதிதாகப் பிரதியான கரு. நல்ல முறை, ஆனால் பொறுமை வேண்டும். வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் இருட்டில் காத்திருக்க வேண்டும்.

ஜோசப் ஆல்ட்மன் என்பவருக்கு அந்தப் பொறுமை இருந்தது. ஹங்கேரியில் ஒரு யூதக் குடும்பத்தில் 1925 இல் பிறந்து, நாஸிகளின் காலத்தைத் தப்பிப் பிழைத்து, அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். அவருடைய பட்டம் உளவியலில். உடற்கூற்றியலைப் பெரும்பாலும் தானாகவே படித்துக்கொண்டார். 1960களின் தொடக்கத்தில் பொஸ்டன் பகுதியில் உள்ள எம்.ஐ.டி.யில் வளர்ந்த எலிகளுக்கு இந்தத் திரித்தியத் தைமிடினை ஏற்றினார். மூளையைச் சீவிப் பார்த்தபோது, புள்ளி விழக்கூடாத இடத்தில் புள்ளி விழுந்திருந்தது. நரம்புக்கலம் போல் தெரிந்த கலங்களின் கருவில்!

1962 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்த அவருடைய கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி. வளர்ந்த பாலூட்டிகளின் மூளையில் புதிய நரம்புக்கலங்கள் உருவாகின்றனவா என்று கேட்டார். 1965 இல் கோபால் தாஸ் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து இடத்தையே குறித்துக் காட்டினார். ஹிப்போகாம்பஸ். காதுக்கு உட்புறமாக, மூளையின் ஆழத்தில், கடற்குதிரை போல் வளைந்து கிடக்கும் பகுதி. புதிய நினைவுகள் உருவாக இது வேண்டும். மறதி நோயில் முதலில் அடிபடும் பகுதிகளில் ஒன்றும் இதுதான்.

என்ன நடந்திருக்க வேண்டும்? உலகமே திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். யாரும் பெரிதாகத் திரும்பவில்லை. எதிர்வாதம் முழுக்க அநியாயமானது என்று நாம் சொல்லமாட்டோம். புள்ளி விழுந்த கலம் நரம்புக்கலம்தானா, அதைச் சூழ்ந்திருக்கும் துணைக்கலமா என்று அன்றைய நுணுக்குக்காட்டியில் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சந்தேகம் இருந்தால் அதைத் தீர்க்க இன்னும் பத்துப் பேர் இறங்கித் தேட வேண்டும். இங்கே சந்தேகத்தைச் சொல்லிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எம்.ஐ.டி.யில் ஆல்ட்மனுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1968 இல் இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்துக்குப் போய், பெரிய சத்தம் எதுவும் இல்லாமல் வேலையைத் தொடர்ந்தார்.

அடுத்து வந்தவர் மைக்கல் கப்லன். 1970களின் பிற்பகுதியில் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் பார்த்து, அவை நரம்புக்கலங்கள்தான் என்றார். அவருக்கும் அதே வரவேற்புத்தான். கடைசியில் அந்தத் துறையையே விட்டு வைத்தியப் படிப்புக்குப் போய்விட்டார். 1980களில் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ நொட்டெபோம் கனேரிப் பறவைகளைப் பார்த்தார். பாட்டுப் பாடும் மூளைப் பகுதியில் புதிய நரம்புக்கலங்கள் உருவாவதைக் காட்டினார். "அது பறவை, மனிதன் வேறு" என்றார்கள். 1985 இல் யேல் பல்கலைக்கழகத்தின் பஸ்கோ ராக்கிச், மனிதனுக்கு நெருக்கமான ரீசஸ் குரங்குகளில் தேடிப் பார்த்துவிட்டு, வளர்ந்த குரங்கின் மூளையில் புதிய நரம்புக்கலம் இல்லை என்று எழுதினார். அவர் மிகவும் மதிக்கப்பட்ட ஆய்வாளர். கதவு இன்னும் இறுக்கமாக மூடியது.

இந்த இடத்தில்தான் வேலையில்லாமல் இருந்த எமது புரோமோ எழுத்துக்கு அழைப்பு வந்தது.

1975 இல் கோலர், மில்ஸ்ரைன் இருவரும் ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1984 இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த வழியைப் பயன்படுத்தி ஹாவர்ட் கிரட்ஸ்னர் என்பவர், புரோமோ எழுத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு பிறபொருளெதிரியைத் தயாரித்து 1982 இல் வெளியிட்டார். இதற்குப் பிறகு கதிர்வீச்சும் வேண்டாம், இருட்டில் மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். பிறபொருளெதிரியில் ஒரு நிறத்தைக் கட்டி அனுப்பினால் போதும். இன்னொரு நிறத்தால் நரம்புக்கலத்துக்கே உரிய புரதத்தையும் காட்டலாம். இரண்டு நிறமும் ஒரே கலத்தில் விழுந்தால், அது நரம்புக்கலம், அதோடு புதியது. ஆல்ட்மனிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் கருவி கடைசியில் கைக்கு வந்தது.

ஒரு குறை. பிறபொருளெதிரி உள்ளே போக வேண்டுமானால் டீ.என்.ஏ.யின் இரட்டைப் பட்டிகையை அமிலத்தாலோ வெப்பத்தாலோ முதலில் பிரிக்க வேண்டும். இதனால் இழையம் கொஞ்சம் பழுதாகும். இந்தச் சிரமம் இல்லாத, ஈ.டீ.யூ. என்ற அடுத்த தலைமுறைப் போலி எழுத்து 2008 இல்தான் வந்தது.

வைத்தியர்களும் இதைக் கையில் எடுத்தார்கள். கட்டியைக் குணப்படுத்த உதவாத பொருள், கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று அளக்க உதவியது. கலிபோர்னியாவில் தக்காவோ ஹொஷினோ என்ற வைத்தியர் 1980களில் மூளைக் கட்டி நோயாளிகளுக்கு இதை ஏற்றி, வெட்டி எடுத்த துண்டில் நூற்றுக்கு எத்தனை கலம் நிறம் பிடிக்கிறது என்று எண்ணினார். இந்த அளவிடும் பழக்கம் இல்லாவிட்டால் இனி நாம் சொல்லப்போவது நடந்தே இருக்காது.

1990களில் கலிபோர்னியாவின் சோல்க் நிறுவகத்தில் பிரெட் கேஜ் என்பவரின் குழு எலிகளில் வேலை செய்துகொண்டிருந்தது. சாதாரணக் கூட்டில் வளர்ந்த சுண்டெலிகளையும், சக்கரம், குழாய், விளையாட்டுப் பொருட்கள் நிறைந்த பெரிய கூட்டில் வளர்ந்தவற்றையும் புரோமோ எழுத்தால் ஒப்பிட்டார்கள். 1997 இல் வெளிவந்த முடிவு: பெரிய கூட்டு எலிகளின் ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியில் நரம்புக்கலங்கள் சுமார் 15 வீதம் அதிகம். எலி சரி. மனிதன்? மனிதனுக்கு இந்தப் பொருளை ஏற்றி மூளையை எடுத்துப் பார்க்க முடியுமா? நடக்காத காரியம்.

அந்தக் குழுவில் சிறிது காலம் வந்து தங்கியிருந்தவர் பீட்டர் எரிக்சன், சுவீடனின் கோத்தன்பேர்க் நகரத்து வைத்தியர். தன் ஊரில் சில புற்றுநோயாளிகளுக்கு இந்தப் பொருள் ஏற்கனவே ஏற்றப்படுகிறது என்பதை அவர் அறிந்தார். நாக்கின் அடியிலும் தொண்டையிலும் குரல்வளையிலும் புற்று வந்தவர்கள். கட்டியின் வேகத்தை அளப்பதற்காக, ஒரே ஒரு தடவை, நாளத்தின் வழியாக 250 மில்லிகிராம். இரத்தத்தில் இந்தப் பொருள் நீண்ட நேரம் நிற்பதில்லை. அன்றைய தினம் எந்தக் கலம் டீ.என்.ஏ.யைப் பிரதி செய்துகொண்டிருந்ததோ அது மட்டும் அடையாளம் பெறும். கட்டியில் மட்டும் அல்ல, உடம்பு முழுவதும். மூளை உட்பட.

சுருங்கச் சொன்னால், நீல மை பூசிய கல் ஏற்கனவே அந்த வீடுகளுக்குள் போய்விட்டது. பார்ப்பதற்கு மட்டும்தான் யாரும் இல்லை.

எரிக்சன் சுவீடன் திரும்பி, அனுமதி பெற்று, காத்திருந்தார். ஐந்து பேர். 57 வயதிலிருந்து 72 வயது வரை. மருந்து ஏற்றி 16 நாளில் மௌத்தானவரும் உண்டு, 781 நாட்கள், அதாவது இரண்டு வருடத்துக்கும் மேல் வாழ்ந்தவரும் உண்டு. ஒவ்வொருவரும் போன பிறகு பிரேதப் பரிசோதனையில் ஹிப்போகாம்பஸை எடுத்து, சீவி, இரண்டு நிறம் ஏற்றிப் பார்த்தார்கள்.

இருந்தது.

அறுபதும் எழுபதும் தொட்ட, புற்றுநோயால் சாகப் போகிற மனிதர்களின் மூளையில், அந்த ஊசி போட்ட நாளில் பிரதியான டீ.என்.ஏ.யைச் சுமந்துகொண்டு, நரம்புக்கலத்தின் அடையாளத்தோடு கலங்கள் இருந்தன. 1998 நவம்பரில் 'நேச்சர் மெடிசின்' சஞ்சிகையில் கட்டுரை வந்தது. எரிக்சன், கேஜ் உட்பட ஒரு குழுவின் பெயர்கள் அதில் இருக்கின்றன. எரிக்சன் நீண்ட நாள் வாழவில்லை, 2007 இல் காலமானார். ஆல்ட்மன் 2016 வரை இருந்தார். 2011 இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசர் விருதும், அடுத்த வருடம் ஜப்பானின் சர்வதேச உயிரியல் பரிசும் அவரைத் தேடி வந்தன. கஹாலின் நாடே அந்த விருதைக் கொடுத்தது என்பதை நினைக்கும்போது எமக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது.

அந்த ஐந்து பேரைப் பற்றியும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். எமது வீடுகளில் பிரேதப் பரிசோதனை என்றாலே மனம் பதறும். மையித்தைக் கீறுவதா, எப்போது வீட்டுக்குத் தருவார்கள், எத்தனை மணிக்கு அடக்குவது என்றுதான் முதல் பேச்சு. அந்தப் பதற்றத்தில் நியாயம் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் தாங்கள் பிழைக்கப் போவதில்லை என்று தெரிந்த சிலர், தங்களுக்கு ஒரு சதப் பிரயோசனமும் இல்லாத கேள்விக்காகச் சம்மதித்தார்கள். அவர்களின் பெயர்கள் கட்டுரையில் இல்லை. இருக்கவும் கூடாது, அது நோயாளியின் உரிமை. மனித மூளையைப் பற்றிய ஒரு பெரிய வசனம் அவர்களை வைத்துத்தான் அசைந்தது.

இந்த இடத்தில் பதிவை முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் உண்மை அப்படி முடியவில்லை.

புரோமோ எழுத்து ஒரு சாட்சிதான், நீதிபதி அல்ல. டீ.என்.ஏ. பிரதியான இடத்தை அது காட்டும். கலம் பிறந்தது என்று நேரடியாகச் சொல்லாது. பழுதான டீ.என்.ஏ.யைத் திருத்தும்போதும் ஓரளவு உள்ளே போகலாம், சாகப் போகிற கலத்திலும் ஏறலாம் என்று நிதானமான ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். திரும்பச் செய்து பார்க்கலாம் என்றால் அதுவும் கடினம். விகாரத்தை உண்டாக்கும் பொருள் என்று மேலே சொன்னோம் அல்லவா? ஒரு கேள்விக்காகச் சுகதேகியான மனிதருக்கு அதை ஏற்ற யாரும் அனுமதிக்கமாட்டார்கள்.

வேறு சாட்சி தேடினார்கள். 1950களின் நடுப்பகுதியிலிருந்து 1963 வரை வல்லரசுகள் வானத்தில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளால் வளியில் காபன்-14 கூடியது. சாப்பாட்டின் வழியாக அது அக்காலத்து மனிதர் எல்லோரின் டீ.என்.ஏ.க்குள்ளும் போனது. யாரும் கேட்காமல் உலகம் முழுவதற்கும் ஏற்றப்பட்ட ஊசி! சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவகத்தில் யோனஸ் பிரிசென் குழு அதை அளந்து, ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 புதிய நரம்புக்கலங்கள் சேர்கின்றன என்று 2013 இல் கணக்குச் சொன்னது. 2018 மார்ச்சில் கலிபோர்னியாக் குழுவொன்று, குழந்தைப் பருவத்தோடு இது வேகமாகக் குறைந்து வளர்ந்தவர்களில் கண்ணுக்கே அகப்படவில்லை என்றது. அடுத்த மாதமே நியூயோர்க் குழுவொன்று, 79 வயது வரை இருக்கிறது என்றது. 2019 இல் ஸ்பெயினிலிருந்தும் "இருக்கிறது" என்ற குரல் வந்தது. 2025 இல் பிரிசென் குழு மீண்டும் வந்து, புதிய நரம்புக்கலங்களுக்கு முந்தைய தாய்க்கலங்களையே வளர்ந்தவர்களில் அடையாளம் கண்டதாக எழுதியது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிது என்றும் சொன்னது. எமது வாசிப்பில் தராசு "இருக்கிறது" பக்கம் சாய்கிறது. எவ்வளவு, அதனால் என்ன பயன் என்பதில் சண்டை தொடர்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம் என்றால், பரீட்சைக் காலம் நெருங்கும்போது வட்ஸ்அப் குழுக்களில் வரும் விளம்பரங்களைப் பார்க்கிறோம். "மூளைக் கலங்களை வளர்க்கும் பானம்", "மூன்று மாதத்தில் நினைவாற்றல் இரட்டிப்பு". கூலி வேலை செய்யும் வாப்பாமார் கடன் வாங்கி அதை வாங்குகிறார்கள். எரிக்சனின் ஐந்து பேரில் யாரும் எந்தப் பானமும் குடித்து இந்த முடிவு வரவில்லை. எந்தப் போத்தலும் மனித மூளையில் நரம்புக்கலத்தை முளைக்க வைத்ததாக மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை. அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் வாங்கிக் கொடுங்கள், பிள்ளையை வெயிலில் ஓடி விளையாட விடுங்கள், இரவில் தூங்க விடுங்கள்.

அதே அளவுக்கு மற்றப் பக்கமும் சொல்ல வேண்டும். பிள்ளை பின்னம் விளங்காமல் முழிப்பதற்கும் ஹிப்போகாம்பஸில் எத்தனை கலம் புதிதாக வந்தது என்பதற்கும் நேரடித் தொடர்பு எதையும் யாரும் காட்டவில்லை. கற்றலில் பெரும்பகுதி இருக்கிற நரம்புக்கலங்களுக்கிடையே உண்டாகும் இணைப்புகளில் நடக்கிறது. அது எந்த வயதிலும் நடக்கும், அதில் சண்டை இல்லை. ஆகவே "மண்டையில் ஏறாது" என்பதற்கு விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைக்க வேண்டாம். உம்மம்மா அறுபது வயதில் எழுத்துக் கூட்டப் பழக ஆசைப்பட்டால் கொப்பி ஒன்றை வாங்கிக் கொடுங்கள்.

புரோமோ எழுத்து இன்றும் உலகத்து ஆய்வுகூடங்களின் குளிர்சாதனப் பெட்டிகளில் வெள்ளைத் தூளாக இருக்கிறது. எலியின் குடலில், மீனின் செட்டையில், தட்டில் வளரும் கலங்களில் எங்கே புதிதாகக் கட்டப்படுகிறது என்று காட்டிக்கொண்டிருக்கிறது. அநேகமாகப் போத்தலின் மேல் ஒட்டியிருக்கும் துண்டில், ஆய்வுக்கு மட்டும், மனிதப் பாவனைக்கு அல்ல என்று எழுதியிருக்கும்.